இடக்கைக்காரியின் துவக்குப் பிடி

பதினாறு வருசம் நான் துவக்குப் பிடிக்குள் ஈயம் நிரப்பினேன். இதை எங்கட ஆக்களுக்குச் சொன்னால் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு வாசலைப் பார்ப்பார்கள். அதனால் கனகாலம் நான் சொன்னதில்லை. என்ன வேலை என்று ஆராவது கேட்டால் "பிளாஸ்ரிக் சாமான் ஒட்டுற வேலை" என்பேன். அதில் பொய் இல்லை.

இப்போது எங்கள் நகரத்துத் தமிழ்ச் சங்க மலருக்கு வேலையால் ஓய்ந்த ஆக்கள் எல்லாரும் எழுத வேண்டுமாம். செயலாளர் சசிகலா வீட்டுக்கே வந்துவிட்டா. பகலில் அவ ஒரு பிளாஸ்ரிக் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்கிற பிள்ளை. "உங்களுக்குத் துப்புரவு வேலைதானே அக்கா, ரெண்டு பக்கம் காணும்" என்றா. எனக்குச் சுள்ளென்றது. அவவை இருத்திவைத்துக் கதையைச் சொன்னேன். பிசின், அதை இறுக்கும் மருந்து, அதில் வரும் சூடு என்று நான் சொல்லச் சொல்ல அவவின் கண் பெருத்துக்கொண்டு போனது.

"இதையெல்லாம் நாங்கள் கூடத்தில கண்ணாடி போட்டு நிண்டு செய்யிறனாங்கள். நீங்கள் வீட்டிலயோ செய்தனீங்கள்?"

"படுக்கிற அறையில."

"எழுதுங்கோ அக்கா. எத்தினை பக்கம் எண்டாலும் எழுதுங்கோ."

எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். நீளச் சொல் வந்தால் என் பேனை ஒருக்கால் நின்று மூச்சு வாங்கித்தான் போகும். அவசரக்காரர் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

நாங்கள் எண்பத்து நாலில் வந்தோம். கிழக்குப் பேர்லினில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, மேற்குப் பேர்லினுக்குள் நுழைந்தோம். அங்கிருந்து அரசாங்க ஆக்கள் எங்களைப் பஸ்ஸில் ஏற்றி வுப்பர்டாலுக்குப் பக்கத்தில் மலைச்சரிவில் இருக்கிற ஒரு சின்ன நகரத்தில் விட்டார்கள். அகதி என்று கனகாலம் வேலை செய்ய விடவில்லை. கை சும்மா இருந்தால் எனக்கு விசர் பிடிக்கும். அனுமதி கிடைத்த கிழமையே ஒரு துவக்குப் பட்டறையில் நிலம் கூட்டப் போனேன். அந்த அனுமதியும் ஒரு வருசத்துக்குத்தான். முடிகிற நேரம் முதலாளி கடிதம் தந்தால் நீடிப்பார்கள், இல்லாவிட்டால் திரும்பவும் வீட்டில் குந்தியிருக்க வேண்டியதுதான்.

துவக்குப் பட்டறை என்றதும் இவர், என்ர மனுசன், பாய்ந்து விழுந்தார்.

"துவக்கோ? துவக்குக்குப் பயந்துதானே நாங்கள் ஓடி வந்தனாங்கள்?"

"இது ஆளைச் சுடுறதில்லையாம். மட்டையில வட்டம் கீறி, அதுக்குத்தான் சுடுறாங்களாம்."

"மட்டை இவங்களுக்கு என்ன செய்ததாம்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் முதல் நாள் அந்தப் பட்டறைக்குள் காலை வைத்தபோது சிரிப்பு இல்லை. சுவர் நிறையச் சங்கிலி போட்டுப் பூட்டிய துவக்குகள். நான் நிலத்தையே பார்த்துக்கொண்டு கூட்டினேன். ஒரு மாதம் வரைக்கும் அந்தச் சுவரில் என்ன நிறம் அடித்திருந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

பட்டறைக்காரர் ஹெர் கெஸ்லர். எல்லாரும் மைஸ்டர், அதாவது தொழில் ஆசான், என்பார்கள், நானும் அப்படித்தான் சொன்னேன். அறுபதை எட்டிய மனிதர். சாம்பல் நிற மேலங்கி, பையில் மூன்று பென்சில், மூன்றும் ஊசிபோலச் சீவியிருக்கும். குரல் உயர்த்திக் கதைத்து நான் கண்டதில்லை. ஏதாவது கேட்டால் உடனே பதில் வராது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார், மேலங்கி விளிம்பால் துடைப்பார், திரும்பப் போடுவார். அதற்குள் கேட்ட ஆளுக்குத் தான் கேட்டது சரிதானா என்று சந்தேகம் வந்துவிடும். என்னை ஃப்ராவ் கனகசபை என்று கூப்பிடுவார். கனகசபை என் மாமனார். கடைசி வரைக்கும் மாமனாரின் பெயருக்குத்தான் திரும்பிப் பார்த்தேன்.

ஒருநாள் ஈயச் சன்னம், மிளகு மாதிரிச் சின்ன உருண்டைகள், வைத்திருந்த இரண்டு பெட்டி தட்டுப்பட்டுக் கொட்டிவிட்டது. சின்னனும் பெரிசுமாய் நிலம் முழுக்க உருண்டது. நான் இருந்த இடத்தில் இருந்தே அள்ளி, சின்னனை ஒரு பெட்டியிலும் பெரிசை மற்றப் பெட்டியிலும் போட்டேன். அரிசியில் கல்லுப் பொறுக்கிற கைக்கு அது ஒரு வேலையா? மைஸ்டர் வந்து பெட்டிக்குள் விரலை விட்டுக் கிளறிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாளையிலிருந்து கூட்டுவதற்கு வேறு ஆள் பார்க்கிறேன்" என்றார்.

வேலையால் நிற்பாட்டுகிறார் என்று நினைத்தேன். அவர் ஒரு துவக்குப் பிடியை எடுத்து என் கையில் தந்தார்.

துவக்கின் குழலும் விசையும் இரும்பு. அதைத் தாங்கிக்கொண்டு தோளில் ஊன்றுகிற உடம்பு முழுவதும்தான் பிடி. முந்தி மரத்தில் செய்தார்கள். பிறகு பிளாஸ்ரிக்கில் வந்தது. விலை குறைவு, மழையில் நனைந்தாலும் ஊறாது. ஆனால் உள்ளே வெறும் கோறை. விரலால் தட்டினால் காய்ந்த சுரைக்காய் மாதிரிச் சத்தம். பின்பக்கம் பாரம் இல்லாததால் குழல் முன்னுக்கு இழுத்துக்கொண்டு நிற்கும். முன்பக்கம் பலம் இல்லாததால் தோல்வாரைக் கையில் சுற்றி இறுக்கியதும் வளைந்து குழலில் முட்டும். முட்டினால் குறி தப்பும். எங்கள் நகரத்தில் இரண்டு பேருக்கு ஒருவர் சுடும் சங்கத்தில் இருந்தார்கள். மலிவென்று வாங்கிவிட்டுப் பிறகு இங்கேதான் கொண்டுவந்தார்கள், உள்ளே நிரப்பிப் பாரமும் பலமும் ஏற்றித் தரச் சொல்லி.

சட்டப்படி துவக்குகள் இருக்கிற அறையில் என்னைத் தனிய விட அவருக்கு அனுமதி இல்லை. அதனால் இரும்பு ஒன்றும் இல்லாத வெறும் பிடிகளை வீட்டுக்குத் தந்தார். ஒரு கட்டளையோடு: சமைக்கிற இடத்தில் கூடாது, கையுறை போட வேண்டும், யன்னல் திறந்திருக்க வேண்டும். எங்களுக்கு இரண்டு அறையும் ஒரு குசினியும்தான். ஆகவே படுக்கிற அறை யன்னலோரம் ஒரு மேசை போட்டேன். குளிர்காலத்திலும் யன்னல் திறந்தபடி. இவர் மேற்சட்டையோடு படுத்தார்.

வேலையைச் சொல்கிறேன். முதலில் தோளில் படுகிற ரப்பர்த் தட்டைக் கழற்ற வேண்டும், இரண்டு ஆணிதான். உள்ளே சவர்க்காரத் தண்ணீர் விட்டுக் கழுவி ஒரு நாள் காயவிட வேண்டும். தொழிற்சாலை எண்ணெய் இருந்தால் பிசின் பிடிக்காது. பிறகு தடியில் ஒட்டிய மணல்தாளால் உட்சுவரை உரசி எடுக்க வேண்டும். வழுவழுப்பாய் இருந்தாலும் பிசின் பிடிக்காது. முன்பக்கத்து ஓடையில் அலுமினியக் குழாய் இரண்டை நீளத்துக்கு வைத்துப் பிசினால் மூடுவது ஒரு வேலை, அது பலத்துக்கு. பின்பக்கத்தில் ஈயச் சன்னத்தைப் பிசினில் குழைத்து நிரப்புவது அடுத்த வேலை, அது பாரத்துக்கு. பிடியை இரும்போடு பூட்டுகிற பெரிய ஆணி போகிற வழியை அடைத்துவிடக் கூடாது. அதற்கு ஒரு தடியில் மெழுகு பூசி நடுவில் நட்டுவிடுவோம், இறுகிய பிறகு தடி வழுக்கிக்கொண்டு வரும். எல்லாவற்றையும் ஒரே தரம் ஊற்றக் கூடாது. பிசின் இறுகும்போது கொதிக்கும், கொதித்தால் பிளாஸ்ரிக் வீங்கும். மூன்று தரமாய் ஊற்ற வேண்டும். ஊற்றியதை மணல் வாளிக்குள் நட்டு நிமிர்த்திவைத்தால் அடுத்த நாள் கல்லு.

பிசின் ஒரு தகரத்தில், அதை இறுக்கும் மருந்து மற்றத் தகரத்தில். இரண்டையும் எந்த அளவில் கலப்பது என்று மைஸ்டர் ஒரு தாளில் எழுதித் தந்தார். "விளங்குதா?" என்று கேட்டார். "யா" என்றேன். எனக்கு டொச், அதுதான் ஜேர்மன், எழுத்து ஒன்றும் தெரியாது. ஆனால் அவர் இரண்டு தரம் கலந்து காட்டியதைப் பார்த்திருந்தேன். கண்ணால் பார்த்ததைக் கை செய்யும். கலியாண வீட்டுக்கு நூறு பேருக்குக் குழம்பு வைத்தவளுக்குத் தாள் எதற்கு? தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் ஒரு பிழையும் வரவில்லை. பத்துப் பன்னிரண்டு பிடி செய்திருப்பேன். ஒருக்கால் மட்டும் மருந்து கூடிவிட்டது போல, கோப்பை கையில் பிடிக்க ஏலாமல் சுட்டுப் புகைந்தது. தூக்கி யன்னலுக்கு வெளியே பனியில் வைத்தேன். அன்றிலிருந்து எனக்கு அந்த மருந்தில் ஒரு பயம். பிறகு சமையல்காரி புத்தி வேலை செய்தது. உப்பு என்றால் குறையப் போடலாம், பார்த்துப் பிறகு சேர்க்கலாம். கூடினால்தான் எடுக்க ஏலாது. மருந்தையும் அப்படியே ஒவ்வொரு தரமும் ஒரு சொட்டுக் குறைத்துக்கொண்டு வந்தேன். எனக்கே தெரியாமல் குறைந்துகொண்டு போனது.

அப்போதுதான் ஃப்ராவ் டோர்னின் பிடி வந்தது. ஃப்ராவ் டோர்ன் தபால் கந்தோரில் முத்திரை விற்கிற நெட்டை மனுசி. சங்கத்தில் இடக்கையால் சுடுகிற ஒரே ஆள். இடக்கைப் பிடி கடையில் கிடையாது, தொழிற்சாலைக்குச் சொல்லி மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கியிருந்தா. அந்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்றுவட்டாரச் சங்கங்களுக்குள் போட்டி. அதற்கு முதல் வியாழன் மாலை சுடும் மண்டபத்தில் அவவின் கையில் பிடி இருக்க வேண்டும். என் அனுமதி முடிவதும் அந்த மாதக் கடைசியில்தான். மைஸ்டரின் கடிதம் இன்னும் வரவில்லை.

வழமைபோலக் கழுவினேன், உரசினேன், குழாய் வைத்தேன், ஈயம் குழைத்து மூன்று தரமாய் நிரப்பினேன். அந்த வியாழனுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மணலில் நட்டேன். சனிக்கிழமை தூக்கிச் சரித்துப் பார்த்தேன். உள்ளே ஏதோ மெதுவாய் நகர்ந்தது.

பின்னல் ஊசி ஒன்றை எடுத்துக் குத்தினேன். இறங்கியது. இழுத்தேன், நூல் நூலாய் வந்தது. தொதல் பதம், அல்வா மாதிரி. கல்லாக வேண்டியது தொதலாய்க் கிடந்தது. சூடுபிடிக்கும் என்று அறையைச் சூடாக்குகிற கணகணப்பு இரும்புக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமையும் தொதல்தான். குழலை மேலே தூக்கினால் ஈயம் பின்னுக்குப் போகிறது, கீழே சாய்த்தால் முன்னுக்கு வருகிறது. இதைத் தோளில் வைத்து ஆர் குறி பார்ப்பது?

இவர் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேலால ஒரு படை நல்லாக் கலந்து ஊத்தி மூடிவிடும். ரப்பர்த் தட்டையும் பூட்டினால் ஆருக்குத் தெரியும்?"

"தூக்கினவுடன தெரியும்."

"அவவுக்குத் தெரியட்டும். அதுக்குள்ள உமக்குக் கடிதம் வந்திடும். முதல்ல கடிதம், பிறகு உண்மை."

அவரைக் குறை சொல்லக் கூடாது. உணவகத்தில் பாத்திரம் கழுவிக் கழுவி அவரின் விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. இரண்டு பேர் உழைப்பில்தான் வீடு நின்றது. நானும் யோசித்தேன். ஒரு கோப்பை பிசினைக் கலக்கக்கூடச் செய்தேன். கலந்துவிட்டு அந்தப் பிடியை என் தோளில், இடப்பக்கத்தில், வைத்துப் பார்த்தேன். உள்ளே ஈயம் இடம் மாறியது. கோப்பையை அப்படியே விட்டேன். அது தன்பாட்டில் இறுகிப்போனது.

திங்கட்கிழமை பட்டறை திறக்க முதலே வாசலில் நின்றேன். பிடியை மேசையில் வைத்தேன்.

"இது பழுது. நான் பழுதாக்கினது."

மைஸ்டர் சரித்துப் பார்த்தார். காதோடு வைத்துப் பார்த்தார்.

"எவ்வளவு மருந்து போட்டீர்கள்?"

"கொஞ்சம் குறைய."

"கொஞ்சம் என்றால்?"

விரலால் காட்டினேன். அவர் என் விரலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏன் குறைத்தீர்கள்?"

எனக்குத் தெரிந்த டொச்சில் உப்புக் கதையைச் சொன்னேன். குழம்பு, உப்பு, குறைய, பிறகு கூட. கையால் கிண்டிக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"குழம்பு உங்களுக்காகக் காத்திருக்கும் ஃப்ராவ் கனகசபை. இது காத்திருக்காது. அளவைத் தாளில் எழுதித் தந்தேனே?"

நான் சட்டைப்பையில் இருந்து தாளை எடுத்து மேசையில் வைத்தேன். மடிப்புக்கூடப் பழுதாகாமல் இருந்தது.

"எனக்கு டொச் வாசிக்கத் தெரியாது" என்றேன்.

இந்த நாட்டில் அதை நான் ஆருக்கும் சொன்னதில்லை. விண்ணப்பத்தில் கையெழுத்து வைப்பேன், கந்தோருக்கு வரச்சொல்லி டெர்மின் கடிதம் வந்தால் அதை இவர் பார்த்துக்கொள்வார், கடையில் படத்தைப் பார்த்து வாங்குவேன். சொல்லிவிட்டு முகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கண்ணாடி கழன்றது. துடைபட்டது. அன்றைக்கு அது கூட நேரம் எடுத்தது.

"நான் கேட்டிருக்க வேண்டும்" என்றார். "கேட்காதது என் பிழை. மருந்து குறைந்தது உங்கள் பிழை. இப்போது இதை வெளியே எடுக்க முடியுமா?"

"தொதல்தானே, தோண்டலாம்."

"வியாழன் மாலை ஆறு மணி" என்றார்.

பிறகு பரண் மாதிரி ஒரு தட்டில் ஏறி, இரண்டு தட்டுள்ள பழைய பித்தளைத் தராசு ஒன்றை இறக்கினார். எடைக்கல் ஒன்றும் இல்லை. நான் மேசையில் கிடந்த பெரிய சன்னப் பெட்டியைக் காட்டினேன். சன்னம் ஒவ்வொன்றும் ஒரே பாரம். எண்ண எனக்குத் தெரியும். அவர் தன் இலக்கத் தராசில் நிறுத்துப் பார்த்து, பிசினுக்கு எதிர்த் தட்டில் நூறு சன்னம், மருந்துக்கு நாற்பது சன்னம் என்று கணக்குச் சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். நூறு, நாற்பது. இன்னொருக்கால் சொல்லச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் நிற்கிற மாதிரிச் சொன்னேன். எனக்கு அதில் வெட்கம் வரவில்லை.

திங்கள் பின்னேரமும் செவ்வாய் மத்தியானம் வரைக்கும் தோண்டினேன். நீளக் கரண்டியின் வாயை வளைத்து ஒரு தடியில் கட்டினேன். பலாப்பழத்துக்குள் கைவிட்ட மாதிரி எல்லாம் ஒட்டியது. ஈயத்தையும் பிசினையும் கிண்டிக் கிண்டி வெளியே எடுத்து, மிஞ்சியதை என் பழைய பருத்திச் சேலைத் துண்டில் எரிசாராயம் நனைத்துத் துடைத்தேன். ஒரு துண்டு கறுத்தால் அடுத்த துண்டு. உள்ளே விரலைவிட்டுத் தடவி, எங்கும் பிசுபிசுப்பு இல்லை என்று கண்ட பிறகுதான் மணல்தாள் எடுத்தேன். கடைசியில் இவர் தன் சேர்ட் ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். "சேலை முடிஞ்சுதெண்டால் இதைக் கிழியும்" என்றார்.

செவ்வாய் பின்னேரம் முதல் ஊற்று, புதன் காலை இரண்டாவது, புதன் பின்னேரம் மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் நூறு, நாற்பது. தராசு ஆடி நிற்கும் வரைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். வியாழக்கிழமை பின்னேரம் பின்னல் ஊசியால் குத்தினேன். ஊசி வளைந்தது.

பட்டறையில் மைஸ்டர் குழலைப் பூட்டினார். குழலுக்கும் பிடிக்கும் நடுவே ஒரு தாளை விட்டு நுனி வரை இழுத்தார், தடக்காமல் ஓடியது. தூக்கி ஒரு விரலில் நிறுத்திச் சமநிலை பார்த்தார். சுடும் சங்கம் அனுமதித்த எல்லைக்குள் பாரம் நிற்கிறதா என்று நிறுத்தார். பிறகு தன் மேற்சட்டையைப் போட்டார்.

"நீங்களும் வாருங்கள்."

"எங்க?"

"மண்டபத்துக்கு. செய்தவர் பார்க்க வேண்டும்."

சுடும் மண்டபம் ஒரு மதுக்கடைக்குக் கீழே நிலவறையில் இருந்தது. நீளமான, வெளிச்சம் குறைந்த இடம். அந்தக் கடைசியில் மட்டும் வெளிச்சத்தில் சின்ன மட்டைகள். ஆம்பிளை பொம்பிளை எல்லாரும் பாய் விரித்துக் குப்புறப் படுத்திருந்தார்கள். ஃப்ராவ் டோர்ன் எழும்பி வந்து பிடியைத் தடவினா.

"முடிந்ததா?"

மைஸ்டர் என்னைக் காட்டினார். "இவர் செய்தது. முதல் தரம் பிழைத்தது, உள்ளே இறுகவில்லை. முழுவதையும் எடுத்துவிட்டுத் திரும்ப நிரப்பியிருக்கிறார்."

எனக்கு நிலம் பிளந்தால் நல்லது போல இருந்தது. ஏன் இந்த மனுசன் இதைச் சொல்கிறார்? கேட்டவர் ஒருவரும் இல்லையே. ஃப்ராவ் டோர்னின் முகம் சுருங்கியது. அவ மைஸ்டரைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டா.

"இப்போது நிற்குமா?"

"நிற்கும்" என்றேன். "நூறு, நாற்பது. மூன்று தரம்."

அவவுக்கு அது விளங்கியிருக்காது. ஆனால் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பாயில் படுத்தா. இடக்கையில் விசை, வலக்கையில் தோல்வார். மைஸ்டர் என் பக்கம் குனிந்து, "மேலே போய் இருந்தாலும் சரி" என்றார். அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் ஒருநாளும் சொன்னதில்லை.

"இல்லை. நான் பார்க்க வேணும்."

வெடி கேட்டது.

சின்னச் சத்தம்தான். ஆனால் நிலவறைக்குள் அது சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. ஊரில் எங்கள் ஒழுங்கையில் கடைசியாய் அப்படிச் சத்தம் கேட்டபோது என் தம்பி படலைக்கு வெளியே சைக்கிளோடு நின்றான். அதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. என் கை இரண்டும் சுவரைப் பிடித்துக்கொண்டன. ஆனால் கண் அந்தப் பிடியை விட்டு எடுபடவில்லை. வெடிக்கும்போது முன்பக்கம் வளைகிறதா, பின்பக்கத்தில் ஏதும் அசைகிறதா? அசையவில்லை.

ஃப்ராவ் டோர்ன் தலையைத் திருப்பி என்னைக் கண்டா. துவக்கைக் கீழே வைத்துவிட்டு எழும்பி வந்தா. தன் காதுமூடியைக் கழற்றி, குளிருக்குக் கட்டியிருந்த என் தலைத்துணிக்கு மேலால், என் காதில் போட்டு, நெற்றி மயிரைக்கூட ஒதுக்கிவிட்டா. தன் காதுக்குப் பஞ்சைத் திருகி அடைத்துக்கொண்டு திரும்பப் போய்ப் படுத்தா. பிறகு ஒன்பது வெடி. ஒன்பதையும் நின்று பார்த்தேன்.

எழும்பினதும் துவக்கை மேலே தூக்கி, கீழே சாய்த்து, காதில் இருந்த பஞ்சை எடுத்துவிட்டுப் பிடியோடு காதை வைத்துக் கேட்டா.

"கல்லு" என்றா.

ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் அவ ஐந்தாவதாக வந்தா. தன் கண்ணைக் குறை சொன்னாவாம், வெளிச்சத்தைக் குறை சொன்னாவாம். பிடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம்.

மாதக் கடைசிக்கு நாலு நாள் இருக்க மைஸ்டர் கடிதம் தந்தார், உறை ஒட்டாமல். இவர் அதை மேல்மாடிச் சிவம் அண்ணையிடம் கொண்டுபோனார். அவர்தான் எங்கள் கட்டிடத்தில் எல்லாருக்கும் கடிதம் வாசித்துச் சொல்கிறவர். நானும் போனேன். சிவம் அண்ணை வாசித்துக்கொண்டு வந்தவர் நடுவில் நின்றார்.

"தங்கச்சி, இந்தாள் உம்மில ஏதும் கோவமோ?"

"ஏன் அண்ணை?"

"நல்லாத்தான் துடங்கியிருக்கிறார். பிறகு எழுதியிருக்கிறார்: 'இவர் ஒரு பிடியை முழுவதும் பழுதாக்கினார். அடுத்த வேலை நாள் காலையில், நான் கண்டுபிடிக்க முதல், தானே கொண்டுவந்து சொன்னார். மூன்று நாளில் திருத்தினார்.' இதை ஏன் அரசாங்கத்துக்கு எழுதுவான்?"

இவர் தலையில் கைவைத்தார். "நான் அண்டைக்கே சொன்னனான். முதல்ல கடிதம் எண்டு சொன்னனான். பிழையைக் கொண்டுபோய்க் கந்தோரில குடுக்கிறதோ? அண்ணை, அந்த வரியை விட்டிட்டு வேற எழுதித் தரச் சொல்லிக் கேப்பமே?"

"கேட்டால் எழுதுவார்" என்றார் சிவம் அண்ணை. "தங்கச்சி போய்ச் சொல்லவேணும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் பயம்தான். அந்த வரி என்னை வீட்டுக்கு அனுப்பலாம் என்று எனக்கும் விளங்கியது. ஆனால் அந்த மனுசனுக்கு முன்னால் போய், நீங்கள் எழுதியது உண்மை, அதை அழியுங்கோ என்று எப்படிக் கேட்பது? எந்த டொச்சில் கேட்பது?

"எழுதினது நடந்ததுதானே" என்றேன். "அப்பிடியே குடுப்பம்."

இவர் மூன்று நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

கந்தோரில் ஒரு நடுவயது மனுசி இருந்தா. சிவம் அண்ணை மொழிபெயர்க்க வந்திருந்தார். அவ கடிதத்தை மேலிருந்து கீழே வாசித்தா. பிறகு நடுவுக்குத் திரும்பினா. இவர் எனக்குப் பக்கத்தில் கதிரை நுனியில் இருந்தார். அவவின் விரல் அந்த வரியில்தான் நிற்கிறது என்று வாசிக்கத் தெரியாத எனக்கே தெரிந்தது.

"எப்படித் திருத்தினீர்கள்?" என்று கேட்டா.

சிவம் அண்ணை வாயைத் திறந்தார். நான் அவரின் முழங்கையைப் பிடித்து நிறுத்தினேன். எனக்குத் தெரிந்த டொச்சில் நானே சொன்னேன். கரண்டி, தடி, சேலைத்துணி, தராசு, நூறு, நாற்பது, மூன்று தரம். சொல் கிடைக்காத இடத்தில் கையால் காட்டினேன். மேசையில் இருந்த அவவின் பென்சில் பேணியை எடுத்துத் தோண்டிக் காட்டினேன். பின்னால் இருந்த மற்ற மேசைக்காரரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். முடிந்ததும் அவ இரண்டு வருசத்துக்கு முத்திரை குத்தினா.

பிறகு பழைய அனுமதிப் பத்திரத்தை எடுத்து, அதில் "துப்புரவுப் பணி" என்று இருந்ததைத் தட்டிக்காட்டி, "இது இனிச் சரியில்லை" என்று சொல்லிப் புதியதில் வேறு ஒரு சொல் எழுதினா. மைஸ்டரின் கடிதத்தில் இருந்து பார்த்து எழுதினா. ஷெஃப்டெரின். துவக்குப் பிடி செய்கிற பெண் என்று சிவம் அண்ணை சொன்னார். அவருக்கே அந்தச் சொல் புதிதாம்.

பஸ்ஸில் இவர் அந்தப் பத்திரத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டினார். இறங்கி வீட்டுப் படி ஏறும்போதும் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு, மூன்று நாளுக்குப் பிறகு முதல் வார்த்தை கதைத்தார்.

"அப்ப இனி உம்மை நான் என்னெண்டு கூப்பிடுறது?"

"கூப்பிட வேண்டாம்" என்றேன். "தேத்தண்ணி போடுங்கோ."

போட்டார்.